ஊரை இழந்தவர்கள் கட்டிய பேராலயம்: இஸ்ஃபஹானின் வான்க்

ஈரானின் இஸ்ஃபஹான் நகரில், ஜாயந்தே ஆற்றுக்குத் தெற்கே ஜுல்ஃபா என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே ஒரு சந்தின் முனையில் நின்று பார்த்தால், வீட்டுக் கூரைகளுக்கு மேலே மண் நிறத்தில் ஒரு செங்கல் குவிமாடம் தெரியும். கீழே அகன்று, மேலே போகப்போகக் குவிந்து, முனையில் கூம்பி நிற்கும். இஸ்ஃபஹானில் அப்படிப்பட்ட குவிமாடங்களுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலும் பள்ளிவாசல்கள். இதையும் அப்படியே நினைத்துக்கொண்டு கடந்து போய்விடலாம். உச்சியைக் கூர்ந்து பார்த்தால்தான் சின்னதாக ஒரு சிலுவை கண்ணில் படும்.

இதுதான் வான்க் பேராலயம். ஆர்மேனிய மொழியில் 'வான்க்' என்றால் மடம், துறவிகள் வாழும் இடம். முழுப் பெயர் 'சுர்ப் அமெனப்ர்கிச்', அதாவது எல்லோரையும் மீட்கும் தூய மீட்பர். இப்போது நிற்கிற கட்டடத்தை 1655இல் தொடங்கி 1664இல் முடித்தார்கள். அதற்கு முன்பே, 1606 வாக்கில், அங்கே ஒரு சிறிய தேவாலயத்தோடு மடம் தொடங்கிவிட்டது.

பயணக் குறிப்பு எழுதுகிறவர்கள் இந்தக் கட்டடத்தைப் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: வெளியே பாரசீகம், உள்ளே கிறிஸ்தவம், அழகான கலப்பு. எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. கலப்பு என்றால் யாரோ ஆசைப்பட்டு இரண்டையும் சேர்த்தது போல இருக்கிறது. இதைக் கட்டியவர்களின் அப்பா, தாத்தாக்கள் இஸ்ஃபஹானுக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள் இல்லை. அவர்களை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தக் கதை தெரியாமல் இந்தச் சுவர்களைப் படிக்க முடியாது.

பழைய ஜுல்ஃபா இஸ்ஃபஹானிலிருந்து வெகுதூரம் வடக்கே, அராஸ் ஆற்றங்கரையில் இருந்தது. இன்றைக்கு அந்த இடம் அஜர்பைஜானின் நக்கிச்செவான் பகுதியில் வருகிறது. மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த ஊர். வயல் வளம் பெரிதாக இல்லை. ஆனால் அங்கிருந்த ஆர்மேனியர்கள் வியாபாரத்தில் கெட்டிக்காரர்கள். ஈரானின் கச்சாப் பட்டு நூலை வாங்கி, சிரியாவின் அலெப்போ நகருக்குக் கொண்டுபோய், அங்கே வெனிஸ் வணிகர்களுக்கு விற்றார்கள். 1603இல் உஸ்மானியத் துருக்கியர்களிடமிருந்து அந்தப் பகுதியைத் திரும்பப் பிடிக்கப் படையோடு வந்த ஈரான் மன்னர் ஷா அப்பாஸ், ஜுல்ஃபாவுக்கும் வந்தார். ஊர்க்காரர்கள் அவரைச் சிறப்பாக வரவேற்றார்கள். ஊரின் செல்வத்தை அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

அடுத்த ஆண்டு உஸ்மானியப் படை திரும்பி வந்தது. எதிரிக்கு ஒரு மணி தானியமும் ஓர் ஆளும் கிடைக்கக் கூடாது என்று ஷா முடிவு செய்தார். ஊர்களைக் கொளுத்தி, மக்களைப் பெருந்திரளாக ஈரானுக்குள் நடத்திக்கொண்டு போகச் சொன்னார். அராஸ் ஆற்றைக் கடக்கும்போது வெள்ளத்தில் போனவர்கள், வழியில் பசியிலும் குளிரிலும் விழுந்தவர்கள் ஏராளம். அந்தத் தலைமுறையின் துயரத்தை ஆர்மேனிய வரலாற்றாசிரியர் தப்ரீஸின் அரகெல் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். ஜுல்ஃபாக்காரர்கள் 1604–05இல் கிளம்பினார்கள். அவர்கள் திரும்பி வரக் கூடாது என்பதற்காக ஊர் எரிக்கப்பட்டது.

மற்ற ஊர்க்காரர்களைவிட இவர்களுக்கு ஒரு வித்தியாசம் இருந்தது. ஷாவுக்கு இவர்கள் தேவைப்பட்டார்கள். இஸ்ஃபஹானைப் புதுத் தலைநகராக அவர் எழுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. பட்டுக்கு ஐரோப்பாவில் வெள்ளிக் காசு கிடைக்கும், அந்த வெள்ளியை உள்ளே கொண்டுவர உலகம் தெரிந்த வணிகர்கள் வேண்டும். அதனால் ஆற்றின் தென்கரையில் இவர்களுக்கு நிலம் கொடுத்தார். தங்களுக்குள் ஒரு தலைவரை வைத்துக்கொண்டு ஊரை நிர்வகிக்கலாம், தேவாலயம் கட்டிக்கொள்ளலாம். யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்ற அரசாணைகளும் வந்தன. ஷா அப்பாஸின் வம்சமான சஃபவி மன்னர்களின் அந்த ஆணைகளில் சிலவற்றைப் பேராலய வளாகத்து அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். புது ஊருக்கும் பழைய பெயரையே வைத்தார்கள்: நோர் ஜுகா, புதிய ஜுல்ஃபா.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஆர்மேனியத் திருச்சபைக்குத் தாய் ஆலயம் எச்மியாட்சின். அதை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து இஸ்ஃபஹானில் வைத்துவிட்டால் இவர்கள் ஊர் ஞாபகத்தை விட்டுவிடுவார்கள் என்று ஷா அப்பாஸ் கணக்குப் போட்டார். 1614–15 வாக்கில் அந்தத் திட்டம் உருவானது. முழு ஆலயத்தையும் கொண்டுவர முடியவில்லை. ஆனால் அங்கிருந்து பதினைந்து கற்கள் வந்து சேர்ந்தன. புனித கிரகோரியின் வலக்கை எலும்பு என்று போற்றப்படும் திருப்பண்டத்தையும் கொண்டுவந்தார்கள். அது பின்னால் திரும்பிப் போனது. கற்கள் மட்டும் போகவில்லை. ஜுல்ஃபாவில் புனித கெவோர்க் தேவாலயத்தில் அவை இன்றும் இருக்கின்றன. எங்கிருந்தோ பிடுங்கி வந்த அந்தக் கற்களை ஊர்ப் பெண்கள் தொட்டு வேண்டிக்கொள்வது வழக்கமானது. ஊர் ஞாபகத்தை மறக்கடிக்க வந்த கல்லே ஊர் ஞாபகத்தைத் தூக்கிப் பிடித்தது.

சரி, கட்டடத்துக்கு வருவோம்.

ஆர்மேனிய மலைநாட்டுத் தேவாலயங்கள் கல்லால் ஆனவை. டஃப் என்னும் எரிமலைக் கல்லைச் செதுக்கி, இணைப்பே தெரியாதபடி அடுக்குவார்கள். நடுவில் உயரமான உருளைக் கழுத்து, அதன் மேல் பாதி மூடிய குடை போல ஒரு கூம்புக் கூரை. நம் கோயில் விமானத்தில் சிகரத்துக்குக் கீழே கிரீவம் என்றொரு கழுத்துப் பகுதி வருமே, அந்த இடத்தில் இருப்பதுதான் இந்த உருளையும். ஆர்மேனியத் தேவாலயம் ஒன்றைத் தூரத்திலிருந்தே அடையாளம் காட்டுவது அந்தக் கூம்புதான்.

இஸ்ஃபஹான் சமவெளியில் அந்தக் கல் இல்லை, அதைச் செதுக்கும் தொழிலாளியும் இல்லை. ஆனால் செங்கல் இருந்தது. அந்தக் காலத்தில் உலகிலேயே மிகச் சிறந்த செங்கல் கொத்தனார்கள் இந்த ஊரில் இருந்தார்கள் என்று தாராளமாகச் சொல்லலாம். ஷாவின் பெரிய பள்ளிவாசலைக் கட்டிய தலைமுறையின் வாரிசுகள் அவர்கள். சதுர அறையின் மேல் வட்டமான குவிமாடத்தை எப்படி உட்கார வைப்பது, மூலைகளை எப்படி வளைத்துத் தாங்குவது என்பதெல்லாம் அவர்களுக்குக் கைவந்த கலை. ஆக, குவிமாடம் பள்ளிவாசல் மாதிரி இருப்பதற்கு முதல் காரணம் ரொம்பச் சாதாரணமானது: ஊர்க் கொத்தனார் தனக்குத் தெரிந்ததைக் கட்டினார்.

தரைத் திட்டத்தில் மட்டும் ஆர்மேனியர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. பீடம் கிழக்குப் பக்கம். தரையிலிருந்து நன்றாக உயர்த்தப்பட்ட மேடை. அதற்குப் பின்னால் அரை எண்கோண வடிவில் வளையும் சுவர். வழிபாட்டின் சில கட்டங்களில் திரை இழுத்துப் பீடத்தை மறைப்பது ஆர்மேனிய மரபு. நம் கோயில்களில் அலங்காரத்தின்போது திரை போடுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது உடனே புரியும். செங்கலும் குவிமாடமும் ஊர் முறைப்படி இருந்தாலும், மக்கள் நிற்கிற இடமும் குரு நிற்கிற இடமும் எப்படிப் பிரிய வேண்டும் என்பது அராஸ் கரையிலிருந்து வந்த கணக்கு.

வெளிச்சுவரில் அலங்காரம் குறைவு. வெறும் செங்கல்தான் கண்ணை நிறைக்கிறது. இதைப் பலர் பயம் என்று எழுதுகிறார்கள். முஸ்லிம் ஆட்சியில் சிறுபான்மையினர் அடக்கி வாசித்தார்கள் என்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் இஸ்ஃபஹானின் பழைய வீடுகளைப் பார்த்தால் வேறொன்றும் தோன்றுகிறது. அங்கே செல்வந்தர் வீடும் தெருவுக்கு மொட்டைச் சுவரைத்தான் காட்டும். முற்றம், கண்ணாடி வேலை, சுதை வேலை எல்லாம் உள்ளே இருக்கும். வீட்டின் அழகு வீட்டு மனிதர்களுக்கு, தெருவுக்கு இல்லை. ஜுல்ஃபா வணிகர்களின் வீடுகளும் அதே மாதிரிதான். ஐம்பது வருடம் அந்த ஊரில் வாழ்ந்துவிட்ட பிறகு தேவாலயத்தையும் அவர்கள் ஒரு இஸ்ஃபஹான் வீடு போலக் கட்டினார்கள் என்று நான் நினைக்கிறேன்.

உள்ளே காலை வைத்ததும் கண் கூசும். அங்குலம் விடாமல் வண்ணம்.

கீழிருந்து பார்த்துக்கொண்டே போகலாம். சுவரின் அடிப்பகுதி முழுவதும் வண்ண ஓடுகள். மஞ்சளும் நீலமும் பச்சையும் கலந்து பூ, கொடி, இலை. இதைப் பாரசீகத்தில் 'ஹஃப்த் ரங்கி' என்பார்கள், ஏழு வண்ணம் என்று பொருள். பழைய முறையில் ஒவ்வொரு வண்ண ஓட்டையும் தனித்தனியாகச் சுட்டு, துண்டு துண்டாக வெட்டி, மொசைக் போலக் கோத்து ஒட்ட வேண்டும். வருடக்கணக்கில் இழுக்கும். ஏழு வண்ண முறையில் ஒரே ஓட்டின் மேலேயே எல்லா வண்ணத்தையும் தீட்டிவிடுவார்கள். ஒரு வண்ணம் இன்னொன்றோடு சேர்ந்து ஓடாமல் இருக்க, நடுவே எண்ணெய்ப்பசை கலந்த கறுப்புக் கோடு போட்டு ஒரே தடவை சூளையில் வைத்து எடுப்பார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் அந்த மெல்லிய கறுப்புக் கோடு இதழ்களைச் சுற்றித் தெரியும். பெரிய பள்ளிவாசலை விரைவாக முடிக்க ஷா அப்பாஸ் காலத்தில் பெரிதாகப் பயன்பட்ட தொழில்நுட்பம் இது. அதே ஊர், அதே சூளை முறை, அதே பூக்கள். அங்கே திருக்குர்ஆன் வசனங்களுக்குக் கீழே இருப்பது இங்கே கிறிஸ்துவின் கதைக்குக் கீழே இருக்கிறது.

ஓடுகளுக்கு மேலே ஓவியங்கள் தொடங்குகின்றன. பெரிய இரண்டு வரிசைகள். மேல் வரிசையில் இயேசுவின் வாழ்க்கை. கீழ் வரிசையில் புனித கிரகோரி பட்ட சித்திரவதைகள். ஆர்மேனியாவுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்தவர் இவர். 301ஆம் ஆண்டு என்பது மரபான கணக்கு. அதற்கு முன் மன்னர் திர்தாத் இவரைப் பலவிதமாக வதைத்து, கடைசியில் ஆழக் கிணறு ஒன்றில் தள்ளினார், பதின்மூன்று வருடம் அதில் கிடந்தார் என்று கதை. தலைகீழாகத் தொங்கும் உடல், கட்டிய கைகள், சுற்றிலும் நிற்கும் சேவகர்கள் என்று ஒவ்வொரு வதையும் தனித்தனிக் கட்டமாகச் சுவரைச் சுற்றி வருகிறது.

ஏன் இதைப் போய் நம் கண்ணுக்கு நேராக, தாழ்வான வரிசையில் தீட்டினார்கள்? மலைநாட்டு ஆர்மேனியத் தேவாலயங்களில் சுவர்கள் பெரும்பாலும் வெறும் கல்லாகவே இருக்கும். சுவர் முழுக்க ஓவியம் என்பது அவர்கள் வழக்கமில்லை. அதனால்தான் இந்தக் கேள்வி முக்கியம் என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்து ஜுல்ஃபாவில் ஒரு சட்டம் நடைமுறையில் இருந்தது. ஓர் ஆர்மேனியக் குடும்பத்தில் யாராவது இஸ்லாத்துக்கு மாறினால், உறவினர்களின் சொத்துக்கெல்லாம் அவர் உரிமை கோரலாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தூரத்து உறவுப் பையன் ஒருவன் மதம் மாறினால் போதும், சித்தப்பா பெரியப்பா சேர்த்த கடையும் வீடும் கைமாறிவிடலாம். வாளை நீட்டி மிரட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் அந்த நெருக்கடி இருந்தது. மன்னரே வதைத்தபோதும் மாறாத ஒரு மனிதரை, ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளைகள் நிற்கிற இடத்தில் வரைந்து வைத்ததற்கு அது ஒரு காரணமாக இருந்திருக்கும்.

அந்த ஆண்டுக் கணக்கையும் கவனிக்க வேண்டும். 1655இல், இரண்டாம் ஷா அப்பாஸின் ஆட்சியில், இஸ்ஃபஹான் நகருக்குள் குடியிருந்த ஆர்மேனியர்களை வெளியேற்றி ஆற்றுக்குத் தெற்கே ஜுல்ஃபாவுக்கு அனுப்பினார்கள். அதே 1655இல்தான் பேராயர் தாவித் இந்தப் பெரிய ஆலயத்துக்கு அடித்தளம் போட்டார். சலுகையும் நெருக்கடியும் ஒன்றாகவே வந்தன. ஊரில் கூட்டம் கூடியது, பணமும் இருந்தது, பயமும் இருந்தது.

ஓவியங்கள் எந்தக் கையில் பிறந்தன என்று பார்த்தால், இன்னொரு உலகம் திறக்கிறது. முகங்கள், துணி மடிப்புகள், பின்னால் தெரியும் தூண்களும் வளைவுகளும் எல்லாம் ஐரோப்பியச் சாயல். ஓவியர்களில் ஒருவரான ஹொவ்ஹான்னஸ் மெர்குஸ் ஒரு துறவி. முஸ்லிம் அறிஞர்களோடு மதத் தத்துவம் பேசி விவாதித்தவர் என்றும் பெயர் பெற்றவர். ஜுல்ஃபாவின் இன்னொரு ஓவியரான மினாஸ், அலெப்போவில் ஓர் ஐரோப்பிய ஆசிரியரிடம் தொழில் கற்றவர். வணிகர்கள் ஊருக்குத் திரும்பும்போது ஐரோப்பாவிலிருந்து அச்சுப் படங்களைக் கொண்டுவந்தார்கள். டச்சு நாட்டு மரச்செதுக்குப் படங்கள் அன்றைக்கு ஆர்மேனியர்கள் நடுவே நன்றாகப் புழங்கின. ஜுல்ஃபாவில் படித்த வோஸ்கன் என்ற குரு 1666இல் ஆம்ஸ்டர்டாமில் ஆர்மேனிய விவிலியத்தை அச்சிடத் தொடங்கினார். அதற்குள் இருக்கும் படங்களும் டச்சுக் கலைஞர் வான் சிக்கெமின் செதுக்குகள்தான். கையகலத் தாளில் வந்த கறுப்பு வெள்ளைப் படத்தைச் சுவரளவுக்குப் பெரிதாக்கி வண்ணம் கொடுப்பது எளிய வேலையில்லை. அளவு பெரிதாகும்போது காலி இடம் நிறைய வரும். இங்கே அந்தக் காலி இடங்களை எல்லாம் பாரசீகப் பூக்கொடிகள் நிரப்பிவிட்டன.

ஒரு பெரிய சுவர் முழுவதையும் கடைசித் தீர்ப்பு எடுத்துக்கொண்டிருக்கிறது. மேலே விண்ணகம், நடுவில் எழுந்து வரும் இறந்தவர்கள், கீழே நரகம். விண்ணகம் ஒழுங்காக வரிசை வரிசையாக இருக்க, நரகத்தில்தான் ஓவியரின் கற்பனை கட்டவிழ்ந்து ஓடியிருக்கிறது. இதையெல்லாம் தாண்டித் தலையைத் தூக்கினால் குவிமாடத்தின் உட்புறம் நீலமும் தங்கமுமாக விரிகிறது. உலகம் படைக்கப்பட்டதும், ஆதாமும் ஏவாளும் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டதும் அதில் சுற்றி வருகின்றன. குவிமாடம் சுவரில் வந்து உட்காரும் நான்கு மூலைகளிலும் சிறகை மடக்கிய தேவதூதர் தலைகள். ஊரைவிட்டு ஓட்டப்பட்டவர்கள் தங்கள் கூரையில் ஏதேன் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டவர்களை வைத்திருக்கிறார்கள். அது வேண்டுமென்றே செய்ததா, வெறும் விவிலிய வரிசையா என்று தெரியாவிட்டாலும், அதைப் பார்த்துக்கொண்டு நின்ற முதல் தலைமுறைக்கு அது வெறும் கதையாக இருந்திருக்க முடியாது.

பணம் எங்கிருந்து வந்தது? பட்டிலிருந்து. அப்புறம் இந்தியத் துணி, மணிக்கற்கள் என்று எல்லாவற்றிலிருந்தும். ஜுல்ஃபாவின் முதலாளி வணிகர் ஊரிலேயே இருப்பார். அவருடைய முகவர் பணத்தையும் சரக்கையும் வாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் வெளியே போவார். வெனிஸ், லிவோர்னோ, ஆம்ஸ்டர்டாம், மாஸ்கோ, சூரத், சென்னப்பட்டணம், மணிலா, ஏன், லாசா வரைக்கும் போனவர்கள் உண்டு. லாபத்தில் முகவருக்கு ஒரு பங்கு. அவருடைய மனைவி மக்கள் ஜுல்ஃபாவிலேயே இருப்பார்கள். அதுவே முதலாளிக்கு ஒரு வகையான உத்தரவாதம். எல்லோருடைய குடும்பமும் ஒரே ஊரில், ஒரே பேராலயத்தின் மணிச் சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்ததால்தான், ஆயிரக்கணக்கான மைல் தள்ளி எழுதிய கடிதத்துக்கும் கணக்குக்கும் மதிப்பு இருந்தது. ஏமாற்றினால் ஊருக்குத் தெரிந்துவிடும். அந்த வணிகக் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் வான்க் மடத்தின் ஆவணக் காப்பகத்தில் சேர்ந்திருக்கின்றன. ஜுல்ஃபாவின் வட்டார வழக்கில் எழுதியவை, அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் சட்டென்று புரிகிற பேச்சு.

இந்த மடத்தின் சுவருக்குள் நடந்த இன்னொரு காரியத்தை நான் ஓவியங்களைவிடப் பெரிதாக மதிக்கிறேன். பெரிய ஆலயம் எழுவதற்கு முன்பே, 1630களில், மடத்தின் தலைவராக இருந்த பேராயர் கச்சாத்துர் கேசராத்சி அச்சுப் புத்தகம் போட முடிவெடுத்தார். ஐரோப்பாவில் ஆர்மேனிய அச்சு 1512இலேயே வெனிஸில் வந்துவிட்டது. ஆனால் ஈரானில் அச்சு இயந்திரம் என்று ஒன்றும் இல்லை, தொழில் தெரிந்தவரும் இல்லை. துறவிகள் தாங்களே இயந்திரம் செய்தார்கள், எழுத்து வார்த்தார்கள், காகிதம் தயாரித்தார்கள், மை காய்ச்சினார்கள். 1638இல் சங்கீதப் புத்தகம், அதாவது விவிலியத்தின் துதிப்பாடல் தொகுப்பு, வெளிவந்தது. ஈரான் மண்ணில் அச்சான முதல் புத்தகம் அதுதான். அதன் பிரதி ஒன்று ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. பாரசீக மொழியில் ஈரானுக்குள் அச்சுப் புத்தகம் வர அதற்குப் பிறகு கிட்டத்தட்ட 180 ஆண்டுகள் ஆயின.

கேசராத்சிக்குத் தன் எழுத்துகளின் கரடுமுரடு தெரிந்திருந்தது. சீடர் ஒருவரை ஐரோப்பாவுக்கு அனுப்பித் தொழில் கற்றுவரச் சொன்னார். அந்தச் சீடர் ஹொவ்ஹான்னஸ், இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் 1644இல் ஒரு சங்கீதப் புத்தகத்தை அச்சிட்டுவிட்டு, அச்சுச் சாமான்களோடு ஊர் திரும்பினார். அவர் வந்து சேர்ந்த 1646இலேயே ஆசிரியர் இறந்துபோனார். இன்று பேராலய முற்றத்தில் கேசராத்சிக்கு ஒரு சிலை நிற்கிறது.

முற்றத்தில் இன்னும் பல உண்டு. ஆலயத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கும் மணிக்கூண்டு, அதன் அடியிலும் சுவரோரத்திலும் கல்லறைகள், உஸ்மானியப் பேரரசில் நடந்த 1915 ஆர்மேனிய இனப்படுகொலையில் இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னம். அருங்காட்சியகத்தில் ஒற்றைத் தலைமுடியின் மேல் விவிலிய வரி ஒன்றைப் பொறித்து வைத்திருக்கிறார்கள், நுண்ணோக்கியில் கண் வைத்துப் படிக்க வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். கையெழுத்துச் சுவடிகள் எழுநூறுக்கு மேல் நூலகத்தில் இருக்கின்றன.

அராஸ் கரையில் விட்டுவந்த பழைய ஜுல்ஃபா என்ன ஆனது? வீடுகள் எரிந்தாலும் இடுகாடு மிஞ்சியிருந்தது. கச்கார் என்னும் சிலுவைக் கற்கள், ஆள் உயரத்துக்குப் பூவேலை செதுக்கி நட்டவை. 1648இல் அந்த வழியாகப் போன பிரெஞ்சுப் பாதிரியார் அலெக்சாந்தர் தெ ரோத், அங்கே பத்தாயிரம் கற்கள் நின்றதாகக் கணக்குச் சொல்கிறார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் ஏறக்குறைய மூவாயிரம் கற்கள் எஞ்சியிருந்தன. 1998இல் தொடங்கி 2005 டிசம்பருக்குள் அவை முழுவதும் உடைத்துத் தள்ளப்பட்டன. ஆற்றின் ஈரான் கரையிலிருந்து அதைப் படம் பிடித்தவர்கள் இருக்கிறார்கள், அஜர்பைஜான் அரசு மறுக்கிறது. ஆக, அந்த ஊரின் நினைவைத் தாங்கி நிற்கும் பெரிய கட்டடம் என்று இப்போது வான்க் மட்டும்தான். அதுவும் அந்த ஊரில் இல்லை.

புதிய ஜுல்ஃபாவின் செழிப்பும் நீடிக்கவில்லை. 1722இல் ஆஃப்கானியர்கள் இஸ்ஃபஹானை முற்றுகையிட்டபோது ஊர் பெரும் தொகையைக் கப்பமாகக் கொடுத்தது. பின்னால் ஈரானை ஆண்ட நாதிர் ஷா காலத்து வரியும் பறிமுதலும் மிச்சத்தை உறிஞ்சின. கையில் எடுத்துக்கொண்டு கிளம்ப முடிந்தவர்கள் கிளம்பினார்கள். பலர் இந்தியாவுக்கு வந்தார்கள். ஏற்கெனவே இங்கே அவர்களுக்கு வழி இருந்தது: 1688இல் ஜுல்ஃபா வணிகர் கோஜா பானோஸ் கலந்தார் கிழக்கிந்தியக் கம்பெனியோடு லண்டனில் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தார். கம்பெனி ஊர்களில் நாற்பது ஆர்மேனியர்களுக்கு மேல் குடியிருந்தால், அவர்களுக்குக் கம்பெனியே தேவாலயம் கட்டித் தர வேண்டும், குருவுக்கு ஏழு ஆண்டுகள் சம்பளமும் கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி.

அதனால்தான் சென்னையின் ஆர்மேனியன் தெரு, நம்மவர்கள் வாயில் அரண்மனைக்காரன் தெருவாகிப் போனது, வான்க் கதையின் ஒரு பகுதி. அங்கிருக்கும் புனித மரியாள் தேவாலயம் முதலில் 1712இல் எழுந்தது, இப்போதைய கட்டடம் 1772ஐச் சேர்ந்தது. இந்தியாவிலும் ஜாவாவிலும் இருந்த ஆர்மேனியத் தேவாலயங்கள் வெகுகாலம் ஜுல்ஃபா மறைமாவட்டத்துக்குக் கீழேதான் இருந்தன. குருக்களை வான்க் மடம்தான் அனுப்பியது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726இல் தன் சொந்தப் பணத்தில் பாலம் கட்டிய கோஜா பெத்ரூஸ் உஸ்கான் ஜுல்ஃபாவில் பிறந்தவர். 1751இல் சென்னையில் இறந்தார். உடல் வேப்பேரியில் அடக்கம். இதயத்தை மட்டும் ஒரு பேழையில் வைத்து, அவர் கேட்டுக்கொண்டபடி, பிறந்த ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

துறவிகள் தாங்களே எழுத்து வார்த்த அந்த அச்சும் இங்கே தொடர்ந்தது. ஜுல்ஃபாவில் பிறந்த ஷஹமீர் ஷஹமிரியான் 1772இல் சென்னையில் ஆர்மேனிய அச்சகம் வைத்தார். ஒரு நாள் ஆர்மேனியா சுதந்திரம் அடைந்தால் அதற்கு என்ன சட்டம் இருக்க வேண்டும் என்று எழுதிய புத்தகம் அங்கேதான் அச்சானது. 1794இல், ஷிராஸிலிருந்து வந்த குரு ஹருத்யுன் ஷ்மாவோன்யான் 'அஸ்தரார்' என்ற மாத இதழைச் சென்னையிலிருந்து கொண்டுவந்தார். உலகின் முதல் ஆர்மேனிய இதழ் அது. அவருடைய கல்லறை அதே ஆர்மேனியன் தெரு தேவாலய வளாகத்தில் இருக்கிறது.

அந்தத் தேவாலயத்துக்குப் போகிறவர்கள் கட்டடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு, தடித்த சுவர்கள், வராந்தா என்று அந்தக் காலத்துச் சென்னப்பட்டணத்தின் எந்தப் பெரிய கட்டடத்துக்கும் உரிய தோற்றம். இங்கே செங்கல் குவிமாடமும் இல்லை, கல் கூம்பும் இல்லை. இஸ்ஃபஹானில் இஸ்ஃபஹான் கொத்தனார் கட்டியதுபோல இங்கே சென்னைக் கொத்தனார் கட்டியிருக்கிறார். ஆனால் தரையில் பாவிய கல்லறைக் கற்களில் ஆர்மேனிய எழுத்து. மணிக்கூண்டு வான்க் மாதிரியே ஆலயத்தைவிட்டுத் தள்ளித் தனியாக நிற்கிறது. அதில் ஆறு மணிகள். அவற்றில் பழையதான 1754ஆம் ஆண்டு மணியில் ஆர்மேனிய எழுத்துப் பொறிப்பு இருக்கிறது. 1808இல் அதை உருக்கி மறுபடி வார்த்தார்கள். அந்த மணியில் ஆர்மேனியத்தோடு தமிழ் எழுத்தும் இருக்கிறது.